நூற்பாலை முதல் துறைமுகம் வரை: தர மேலாண்மையும் லாஜிஸ்டிக்ஸும் படிப்பது எப்படி

தர மேலாண்மை என்பது ஒரு பொருள் சொன்ன அளவில், சொன்ன குணத்தோடு, ஒவ்வொரு முறையும் ஒரே சீராக உருவாகும்படி வேலையை அமைக்கும் படிப்பு. மூலப்பொருளை வாங்குவது, இருப்பு வைப்பது, ஏற்றுவது, சேதமில்லாமல் உரிய நேரத்தில் ஒப்படைப்பது ஆகியவற்றைத் திட்டமிடும் படிப்பு லாஜிஸ்டிக்ஸ். பல்கலைக்கழகங்கள் இவற்றைத் தனித்தனித் தாள்களாகப் பிரித்து நடத்துகின்றன. தொழிற்சாலையில் இரண்டும் பிரிந்து நிற்பதில்லை. மில்லில் நன்றாக நூற்கப்பட்ட நூல், குடோனில் வேறு லாட்டோடு (உற்பத்தித் தொகுதியோடு) கலந்து லாரி ஏறிவிட்டால், திருப்பூரில் துணி சாயத்திலிருந்து வெளிவரும்போது வரிவரியாகத் தெரியும். அந்தக் குறை இயந்திரத்தில் பிறந்ததா, குடோனில் பிறந்ததா என்று கண்டுபிடிக்க இரண்டு படிப்பும் வேண்டும். ஆகவே எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும் மற்றதன் அடிப்படையைச் சேர்த்தே படிப்பது நல்லது.

வட்டாரம் தரும் வாய்ப்பு

இந்தப் படிப்புக்குத் திண்டுக்கல் வட்டாரம் இயல்பாகவே பொருந்துகிறது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 கரூரிலிருந்து வேடசந்தூர், திண்டுக்கல், கொடைரோடு வழியாக மதுரைக்குப் போகிறது. கோவையையும் நாகப்பட்டினத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலை 83 பழனி, ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல்லைத் தொட்டுத் திருச்சிக்குச் செல்கிறது. தேனி, குமுளி வழியாகக் கேரளத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலை 183 இங்கே தொடங்குகிறது. திண்டுக்கல் ரயில் சந்திப்பிலிருந்து திருச்சி, மதுரை, கரூர், பழனி என நான்கு பக்கமும் பாதை பிரிகிறது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் ஏறக்குறைய 200 கி.மீ. தொலைவில் இருக்கிறது.

இந்தச் சாலைகளை ஒட்டியே தொழில்களும் அமைந்துள்ளன. வேடசந்தூர், திண்டுக்கல் பகுதியில் நூற்பாலைகள், ஊருக்குள் தோல் பதனிடும் ஆலைகள், சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை, நிலக்கோட்டையில் பூச்சந்தை, ஒட்டன்சத்திரத்தில் தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு சிறு பட்டறைகளில் இன்றும் கையால் செய்யப்படுகிறது. ஒரே மாவட்டத்துக்குள் எளிதில் கெடும் பொருள், ஏற்றுமதிச் சரக்கு, கைவினைப் பொருள் மூன்றையும் பார்த்துப் படிக்க முடிவது மாணவருக்குப் பெரிய வசதி.

தர மேலாண்மையில் படிப்பவை

இந்தத் துறையின் முதுகெலும்பு புள்ளியியல். 1924-இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் குழுமத்தில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். எந்த வேலையிலும் சிறு ஏற்ற இறக்கம் இயல்பு. அதிலிருந்து, தனிக் காரணத்தால் வரும் மாற்றத்தைப் பிரித்துக் காட்டுவதே அந்த வரைபடத்தின் பயன். இந்தியாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி.சி. மகலனோபிஸ், நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஷூஹார்ட்டையே இங்கு வரவழைத்தார். 1950-இல் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு இதே முறைகளைக் கற்பித்தார். அவர் பெயரிலான பரிசு 1951 முதல் வழங்கப்படுகிறது. 1998-இல் அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் சென்னையின் சுந்தரம் கிளேட்டன். அது மதுரையில் 1911-இல் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்தது.

கட்டுப்பாட்டு வரைபடம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு நூற்பாலையின் எஸ்.க்யூ.சி. (புள்ளியியல் தரக் கட்டுப்பாடு) லேபில் நேரடியாகப் பார்க்கலாம். நூலின் பருமனைக் கவுண்ட் என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக் கூட நூல் மெலிது. கோனிலிருந்து 120 கஜ நீளம் நூலைச் சுற்றி எடுப்பார்கள்; அதற்கு லீ என்று பெயர். லீயின் எடையைக் கிராமில் பார்த்து, 64.8-ஐ அந்த எடையால் வகுத்தால் கவுண்ட் கிடைக்கும். 40-ஆம் நம்பர் நூலின் லீ 1.62 கிராம் இருக்க வேண்டும். 1.70 கிராம் இருந்தால் கவுண்ட் 38.1, அதாவது நூல் தடித்துவிட்டது. பஞ்சு ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால், 27 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்துப் பார்த்த எடையே ஒப்பிடத் தகுந்தது. கோடைக்கால மதியத்தில் எடுத்த எடையையும் ஐப்பசி மழை நாளில் எடுத்த எடையையும் அப்படியே ஒப்பிட்டால், நூலில் இல்லாத குறை கணக்கில் தோன்றும்.

ஒரு மாதிரிக் கணக்கு: ஷிப்டுக்கு 5 லீ வீதம் 20 ஷிப்டு சோதித்ததில் மொத்தச் சராசரி 40.0 கவுண்ட், ஒவ்வொரு ஐந்திலும் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரி 1.2. ஐந்து மாதிரிக்கான மாறிலி 0.577. இதை 1.2-ஆல் பெருக்கினால் 0.69. எனவே ஷிப்டு சராசரிக்கு மேல் எல்லை 40.69, கீழ் எல்லை 39.31. அடுத்த ஷிப்டின் சராசரி 40.9 என்று வந்தால் காரணம் தேட வேண்டும்: டிராஃப்ட் வீல் மாற்றினார்களா, பஞ்சுக் கலவை மாறியதா, சிம்ப்ளெக்ஸ் ரோவிங் மாறிப் போனதா? 40.5 என்று வந்தால் இயந்திரத்தைத் தொடவே கூடாது. எல்லைக்குள் இருக்கும் இயல்பான ஏற்ற இறக்கத்தைத் திருத்தப் போனால் ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். எப்போது கைவைக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

இதற்கு அடுத்து மேலாண்மை முறைமைகள் வருகின்றன. 1987-இல் முதலில் வெளியான ஐ.எஸ்.ஓ. 9000 வரிசையில், சான்றிதழுக்கு அடிப்படையாக இருப்பது ஐ.எஸ்.ஓ. 9001. அதன் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு வாடிக்கையாளர் மீதான கவனம், தலைமை, பணியாளர் ஈடுபாடு, செயல்முறை அணுகுமுறை, தொடர் மேம்பாடு, சான்றின் அடிப்படையில் முடிவெடுத்தல், தொடர்பு மேலாண்மை என்ற ஏழு கோட்பாடுகளின் மீது அமைந்தது. உணவுப் பொருளுக்கு ஐ.எஸ்.ஓ. 22000, சுற்றுச்சூழலுக்கு ஐ.எஸ்.ஓ. 14001 எனத் தனித் தரங்கள் உண்டு. வேளாண் விளைபொருளுக்கான அக்மார்க் முத்திரை 1937-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. குறை கண்ட இடத்தில் திருத்துவது ஒன்று, அது மீண்டும் வராதபடி மூலகாரணத்தை நீக்குவது வேறொன்று. இந்த வேறுபாட்டை எழுத்தில் நிறுவிக் காட்டும் பயிற்சியே தணிக்கைப் பாடத்தின் பெரும்பகுதி.

லாஜிஸ்டிக்ஸில் படிப்பவை

கொள்முதல், இருப்பு, கிடங்கு, போக்குவரத்து, ஏற்றுமதி ஆவணம் என்ற வரிசையில் பாடங்கள் அமையும். இருப்புக் கணக்கில் முதலில் வருவது சிக்கன ஆர்டர் அளவு. ஒரு மில்லுக்கு ஆண்டுக்கு 20,000 அட்டைப்பெட்டி தேவை, ஒருமுறை ஆர்டர் போட்டு வரவழைக்க 400 ரூபாய் செலவு, ஒரு பெட்டியை ஓராண்டு குடோனில் வைக்க 4 ரூபாய் செலவு என்று கொள்ளலாம். 20,000-ஐயும் 400-ஐயும் பெருக்கி இரட்டித்து, 4-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 2,000 கிடைக்கும். ஆக, ஆண்டுக்குப் பத்து முறை 2,000 பெட்டி வீதம் வாங்குவதே மொத்தச் செலவைக் குறைக்கும். அட்டைப்பெட்டிக்கு இது சரிவரும். பஞ்சுக்கு இது மட்டும் போதாது. 170 கிலோ பேல்களாக வரும் பஞ்சின் விலை பருவத்துக்குப் பருவம் மாறும், ரகத்துக்கு ரகம் இழைநீளம் மாறும். சூத்திரத்தின் அனுமானங்கள் எங்கே உடைகின்றன என்று கேட்கும் ஆசிரியரிடம் படிப்பது மாணவரின் நற்பேறு.

எளிதில் கெடும் பொருளின் லாஜிஸ்டிக்ஸை ஒட்டன்சத்திரத்தில் படிக்கலாம். அங்கு வரும் முருங்கை, தக்காளி, வெண்டை, பச்சை மிளகாய் முதலியவற்றில் பெரும்பங்கு கேரளத்துக்குப் போகிறது. விவசாயி, கமிஷன் மண்டி, சுமைப்பணியாளர், லாரி, கேரள வியாபாரி என்று கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் நேரம் போகிறது. நேரம் போகப் போகக் காய் வாடி விலை இறங்குகிறது. தக்காளியைச் சாக்கில் கட்டினால் அடியில் உள்ளவை நசுங்கும். பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கினால் நசுங்குவது குறையும், ஆனால் காலிக் கிரேட்டுகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்தத் திரும்பும் பயணத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியே ஒரு முழுத் திட்டப்பணிக்குப் போதுமானது.

சட்டமும் ஆவணமும் இந்தப் படிப்பில் தவிர்க்க முடியாதவை. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-இல் வந்தது. 2018-இல் சரக்கு நகர்வுக்கான மின்னணு ஆவணமான இ-வே பில் நடைமுறைக்கு வந்தது. மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள்ளேயே செல்லும் சரக்குக்கு வரம்பு 1 லட்சம் ரூபாய். சாதாரணச் சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் கணக்கிடப்படுகிறது. 1,400 கி.மீ. பயணிக்கும் நூல் லாரிக்கு 7 நாள் கிடைக்கும். வழியில் வண்டி பழுதானால் காலம் முடியும் தறுவாயில் நீட்டிப்புக் கோர வேண்டும். வரிவிலக்குப் பெற்ற புதிய காய்கறிக்கு இ-வே பில் தேவையில்லை. ஏற்றுமதியில் இன்கோடெர்ம்ஸ் 2020 வகுத்த 11 வணிக விதிகளை மாணவர் நன்கு அறிந்திருக்க வேண்டும். எஃப்.ஓ.பி. விலையில் விற்றால் தூத்துக்குடியில் கப்பலில் சரக்கு ஏறும்வரை பொறுப்பு விற்பவருடையது, சி.ஐ.எஃப். என்றால் கடல் கட்டணத்தையும் காப்பீட்டையும் அவரே கட்ட வேண்டும். நூலை 1.89 கிலோ கோன்களாக, பெட்டிக்கு 24 வீதம் அடுக்கினால் நிகர எடை 45.36 கிலோ, அதாவது 100 பவுண்டு. இந்தக் கணக்கு பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் பிழையானாலும் வங்கியில் பணம் நின்றுவிடும்.

எந்தப் பட்டம், எங்கே

இளநிலையில் இரண்டு வழிகள் உள்ளன. கணக்கும் இயந்திரமும் பிடித்தவர்கள் இயந்திரவியல், ஜவுளி, தொழிற்பொறியியல் போன்ற பி.இ., பி.டெக். படிப்புகளில் சேரலாம். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மென்ட் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் பாடம். வணிகம் பிடித்தவர்களுக்கு பி.பி.ஏ., பி.காம். படிப்புகள் உண்டு, லாஜிஸ்டிக்ஸைச் சிறப்புப் பாடமாக வைத்த பிரிவுகளைப் பல கல்லூரிகள் நடத்துகின்றன. பட்டத்தோடு ஊதியத்துடன் கூடிய தொழிற்பழகுநர் பயிற்சியை இணைக்கும் படிப்புகளுக்கு 2020-இல் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டுதல் வெளியிட்டது. அத்தகைய படிப்பு கிடைத்தால் முன்னுரிமை தரலாம்.

உள்ளூரில் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் சின்னாளபட்டிக்கு அருகில் உள்ளது. 1956-இல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கி 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஊரகத் தொழிலையும் மேலாண்மையையும் இணைத்துப் பார்ப்பது அதன் மரபு. சிறுதொழில், கூட்டுறவு, விளைபொருள் விற்பனை ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஏற்ற இடம். பொறியியலுக்கும் எம்.பி.ஏ.க்கும் பி.எஸ்.என்.ஏ. உள்ளிட்ட அண்ணா பல்கலைக்கழக இணைவுக் கல்லூரிகள் உள்ளன. ரெட்டியார்சத்திரத்தில் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியும் உள்ளது.

முதுநிலையில் துறையை ஆழமாகப் படிக்க வெளியூர் செல்ல நேரலாம். இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கொல்கத்தாவில் தரம், நம்பகத்தன்மை, செயல்பாட்டு ஆய்வியலில் எம்.டெக். பட்டத்தையும் பெங்களூரில் தர மேலாண்மை அறிவியலில் எம்.எஸ். பட்டத்தையும் வழங்குகிறது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் 2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. பன்னாட்டுப் போக்குவரத்து மற்றும் லாஜிஸ்டிக்ஸிலும், துறைமுகம் மற்றும் கப்பல் மேலாண்மையிலும் அது எம்.பி.ஏ. நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்குப் பிலானி பிட்ஸ் நிறுவனத்தின் பணியாளர் படிப்புத் திட்டத்தில் தர மேலாண்மை எம்.டெக். உண்டு. சென்னையில் இயங்கும் சி.ஐ.ஐ. லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் குறுகிய காலப் படிப்புகளை நடத்துகிறது.

சேர்க்கையும் உதவித்தொகையும்

தமிழ்நாட்டில் பொறியியல் இளநிலைக்கு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடக்கிறது, எம்.பி.ஏ.க்கு டான்செட், எம்.இ.க்கு சீட்டா நுழைவுத்தேர்வு. புள்ளியியல் நிறுவனத்துக்குத் தனித் தேர்வு. அதற்குக் கணிதத்தில் ஓராண்டாவது முன்கூட்டியே தயாராக வேண்டும். மத்திய நிறுவனங்களுக்கு கியூட் போன்ற பொதுத்தேர்வுகளின் அறிவிப்பை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகளைக் கல்லூரி வழியாகவே பெறலாம்.

களப்பயிற்சியும் திட்டப்பணியும்

இந்தப் படிப்பில் தேர்ந்தவரைத் தேராதவரிடமிருந்து பிரிப்பது களவேலை. நல்ல திட்டப்பணிக்கு நான்கு படிகள் போதும்: ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுப்பது, இருக்கும் நிலையை அளப்பது, ஒரு மாற்றத்தைச் செய்து பார்ப்பது, மறுபடி அளப்பது. மூன்று மாதத் திட்டப்பணிக்கு முதல் மாதம் முழுவதையும் அளவெடுக்கவே ஒதுக்கலாம்.

பூட்டுப் பட்டறையில் செய்யக்கூடிய பணி ஒன்றைப் பார்க்கலாம். பூட்டுக்குள் இருக்கும் லீவர் தகடுகள் கையால் அரம் தேய்த்துச் சரிசெய்யப்படுகின்றன. அதனால் ஒரு பூட்டின் சாவி மற்றொன்றுக்குச் சேராது. அதுவே அதன் பாதுகாப்பு. அதே வேளை பொருத்தும்போது ஒவ்வொன்றையும் மீண்டும் தேய்க்க வேண்டியிருப்பதால் நேரம் செலவாகிறது. எந்த அளவு எல்லாப் பூட்டுக்கும் ஒன்றாக இருக்கலாம், எந்த அளவு பூட்டுக்குப் பூட்டு மாற வேண்டும் என்பதைக் கைவினைஞரோடு உட்கார்ந்து பிரிக்க வேண்டும். தகட்டின் கனமும் துளையின் விட்டமும் முதல் வகை; அவற்றுக்குக் கோ, நோ-கோ கேஜ் (அளவு எல்லைக்குள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் காட்டும் கருவி) செய்து கொடுக்கலாம். சாவி வெட்டின் வடிவம் இரண்டாம் வகை. அதில் கைவைக்கக் கூடாது. எதைச் சீராக்க வேண்டும் என்று தெரிவதோடு எதைச் சீராக்கக் கூடாது என்றும் தெரிவது தர மேலாளருக்கு அழகு.

சிறு தொழில்களுக்கு மத்திய அரசின் இசட்.இ.டி. (குறையில்லா, சுற்றுச்சூழல் பாதிப்பில்லா உற்பத்தி) சான்றிதழ் திட்டம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளில் உள்ளது. 2022-இல் திருத்தி வெளியிடப்பட்ட அத்திட்டத்தில் குறு நிறுவனத்துக்குச் சான்றிதழ்க் கட்டணத்தில் 80 சதவீதமும் சிறு நிறுவனத்துக்கு 60 சதவீதமும் நடுத்தர நிறுவனத்துக்கு 50 சதவீதமும் மானியம் அறிவிக்கப்பட்டது. ஒரு பட்டறைக்கு வெண்கலச் சான்றிதழ் பெறத் தேவையான பதிவேடுகளைத் தயாரித்துக் கொடுப்பது மாணவருக்குப் படிப்பாகும், பட்டறைக்குப் பயனாகும்.

களத்தில் மூன்று ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும். நிறுவனத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் அளவெடுக்கக் கூடாது. அதன் விலை, வாடிக்கையாளர் விவரங்களை அறிக்கையில் வெளியிடக் கூடாது. அளக்காத எண்ணை அட்டவணையில் எழுதவே கூடாது. இட்டுக்கட்டிய அளவுகளில் இயல்பான ஏற்ற இறக்கம் இருக்காது, கட்டுப்பாட்டு வரைபடம் படிக்கத் தெரிந்தவர் அதை உடனே கண்டுகொள்வார்.

கூடுதல் சான்றிதழ்களும் வேலையும்

பட்டப்படிப்பின்போதே எக்செலில் பிவட் டேபிள், வரைபடம் போன்றவற்றிலும் ஏதேனும் ஒரு புள்ளியியல் மென்பொருளிலும் கை பழக வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9001 உள்தணிக்கையாளர் பயிற்சியைப் படிக்கும்போதே முடிக்கலாம். தலைமைத் தணிக்கையாளர் பயிற்சி பெரும்பாலும் ஐந்து நாள் நடக்கும். அதைச் சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் செய்வதே பயன் தரும். தர மேம்பாட்டுச் சான்றிதழான சிக்ஸ் சிக்மா கிரீன் பெல்ட்டுக்கு உண்மையான திட்டப்பணி கேட்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. தரப் பக்கம் எஸ்.க்யூ.சி. உதவியாளர், தர ஆய்வாளர், தர உறுதி அலுவலர், சப்ளையர் தரப் பொறியாளர், தணிக்கையாளர் ஆகிய பணிகள். லாஜிஸ்டிக்ஸ் பக்கம் ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், கிடங்கு மேற்பார்வை, ஏற்றுமதி ஆவணம், சரக்கு முகமை, சுங்க முகமை, குளிர்பதனச் சங்கிலி ஆகியவை. தொடக்கப் பணி பெரும்பாலும் ஷிப்டு வேலை. குடோனிலும் ரிங் ஃபிரேம் ஓரத்திலும் நிற்க வேண்டியிருக்கும். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளைக் குறைக்காமல் செய்தவர்களுக்கே திட்டமிடும் பொறுப்பு வந்து சேருகிறது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மாணவரும் பெற்றோரும் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும்:

1. பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது? படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழு அல்லது ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உண்டா?

2. பாடத்திட்டத்தில் புள்ளியியலுக்கு எத்தனை தாள்? ஒரு தாள்கூட இல்லாத தரப் படிப்பைத் தவிர்க்கலாம்.

3. அளவிடும் கருவிகள் உள்ள ஆய்வகம் இருக்கிறதா? கருவிகள் கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டன?

4. களப்பயிற்சி எத்தனை வாரம்? இடத்தைக் கல்லூரி ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேட வேண்டுமா?

5. கடந்த ஆண்டு மாணவர்களின் திட்ட அறிக்கைகளைப் பார்க்க அனுமதிப்பார்களா? அவற்றில் மாணவர் தாமே அளந்த எண்கள் இருக்கின்றனவா?

6. நூற்பாலையிலோ, ஏற்றுமதி நிறுவனத்திலோ, துறைமுகத்திலோ பணியாற்றிய அனுபவமுள்ள ஆசிரியர் இருக்கிறாரா?

7. பயிற்சிக் கட்டணம், விடுதி, போக்குவரத்து, சான்றிதழ்க் கட்டணம் அனைத்தையும் சேர்த்து மொத்தச் செலவு என்ன?

இவற்றில் ஐந்தாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் மற்ற ஆறையும் விடக் கல்லூரியைப் பற்றி அதிகம் சொல்லும்.